சேறு சொன்ன நேரம்

பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். லொள்ளுக்கு வாய் திறந்துகொள்ளும். அப்புறம் மூடவே மூடாது. ஒரு ஜோக், அதற்குமேல் இன்னொரு ஜோக் என்று அவிழ்த்துவிட்டுக்கொண்டே போவான். அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. இப்போது அது அவர்களுக்கே சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

"பதினொண்ணு," என்றாள் சித்தி.

"என்ன சித்தி பதினொண்ணு?"

"கேட்டுக்குள்ள நுழைஞ்சதுல இருந்து நீ அடிச்ச ஜோக். செமத்தியா பயந்திருக்கே."

"பயமா? எனக்கா? ஊர்ல இருக்கிற கக்கூஸ் எல்லாம் ஒரே இடத்துல கூடிப் பேசிட்டிருக்கு, குறுக்க போகவேண்டாமேன்னு பார்க்கிறேன்."

"பன்னெண்டு."

சித்தி என்றால் நிஜமாகவே சித்திதான், அவன் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஐம்பத்திரண்டு வயது, ஒல்லி உடம்பு, வலது முட்டியில் ஓயாத வலி, தொழில் துப்பறிவது. பையில் ஒரு டார்ச், ஒரு அடிஸ்கேல், அரைப் பாக்கெட் மிட்டாய். வழக்கோடு வருகிறவர்களும் சித்தி என்பார்கள், போலீஸ்காரர்களும் சித்தி என்பார்கள். முப்பத்தொரு வயது லொள்ளு மூன்று வேலைகளிலிருந்து வாயால் கெட்டு வெளியே வந்த பிறகு அவளிடம் ஒட்டிக்கொண்டவன்.

அவர்கள் நின்றிருந்த இடம் அந்த ஊரின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். மணி மதியம் மூன்று. அங்கே அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியவள் ஒரு தையல்காரி.

காலை ஒன்பதுக்கு வந்திருந்தாள். அளவு நாடா கழுத்தில் அப்படியே தொங்கியது, அது தொங்குகிற நினைப்பே அவளுக்கு இல்லை. அழுது முடித்த முகம். அவள் புருஷன் இந்த நிலையத்தில் ஆபரேட்டர். காலை ஷிஃப்டுக்குப் போனவன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை, அன்றோடு மூன்று நாள்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் சித்தி.

"கேட்டு நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வெளியே போயிருக்காராம். வளர்ந்த ஆம்பளை, வருவாரு போம்மான்னு அனுப்பிட்டாங்க. அவரு அப்படிப் போறவரு இல்லீங்க சித்தி. பால் வாங்கப் போனாலே ரெண்டு தடவை போன் பண்ணுவாரு."

"ஏதாவது சண்டை?"

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லை. போன வாரம் வேலையிலதான் ஏதோ சரியில்லைன்னாரு. அவருக்கு அங்க ஜாடின்னு பேரு. தொட்டித் தண்ணியை ஒரு கண்ணாடி ஜாடில மொண்டு வெச்சுப் பார்ப்பாராம், ஒரு ஷிஃப்டுக்கு ரெண்டு தடவை. அரை மணி நேரத்துல சேறெல்லாம் அடியில உக்காந்து மேல தண்ணி தெளிஞ்சுட்டா, உள்ள இருக்கிற கிருமிங்க நல்லா இருக்குன்னு அர்த்தமாம். அந்தக் கிருமிங்கதான் ஊர் அழுக்கைத் தின்னு தீர்த்து, ஆத்துக்கு நல்ல தண்ணியா அனுப்புது. ஜாடியைக் கழுவ மறந்துட்டா ரெண்டு மணி நேரத்துல அந்தச் சேறு மொத்தமா கிளம்பி மேல வந்து மிதக்குமாம். கிருமி விடற காத்து தூக்கிருமாம். சாப்பிடறப்பக்கூட இதையேதான் பேசுவாரு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போன வாரம் சேறு சரியா இறங்கலை, யாரோ விஷத்தைக் கொண்டாந்து கொட்டறாங்க, மேனேஜர்கிட்ட கேட்கப் போறேன்னாரு. அதைக் கேட்கப் போனவருதான்."

அப்புறம் அவள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உயிரோட இருக்காரா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க. எது ஆனாலும் சரி, தெரிஞ்சா போதும்."

லொள்ளு அப்போதே அன்றைய முதல் ஜோக்கை அடித்தான். யாரும் சிரிக்கவில்லை.

"உள்ள போனா வாயைத் திறக்காதே. மூக்கை வேணா மூடிக்கோ," என்று சித்தி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள். தலையை ஆட்டித்தான் வந்திருந்தான்.

மேனேஜர் சிரித்த முகத்தோடு வரவேற்றார். சாதாரணச் சிரிப்பில்லை, ஆணி அடித்து மாட்டிய சிரிப்பு. பேசும்போதும் இருந்தது, பேசாதபோதும் இருந்தது. அந்தப் பெரிய வளாகத்தில் அவரைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை.

"வாட்ச்மேனுக்கு லீவு, லேப்காரருக்கு லீவு, மத்த ஆபரேட்டருங்களுக்கும் லீவு குடுத்துட்டேன்," என்றார். "எல்லாம் மிஷின்தானே மேடம், அது பாட்டுக்கு ஓடும். ஆளுங்க எதுக்கு? நான் ஆபீஸ் வேலைக்காரன், எனக்கு அந்தத் தொட்டி கிட்டி எல்லாம் ஒண்ணும் தெரியாது. அந்த ஜாடிப் பயல் மூணு நாளைக்கு முன்னால கோவிச்சுட்டுப் போனான். நோட்டைப் பாருங்க."

நோட்டை அவரே எடுத்து நீட்டினார். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. "அஞ்சு மணிக்கா? சரி, வரட்டும்," என்று பேசிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தார்.

சித்தி நோட்டைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட அவள் விரல் மெதுவானது.

"டேய், வரும்போது போட்ட கையெழுத்தெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. போகும்போது போட்டதெல்லாம் மை இழுகிப் போயிருக்கு. ஏன்?"

லொள்ளு எட்டிப் பார்த்தான். வரிசையாக ஆபரேட்டர்களின் பெயர்கள். சித்தி சொன்னது சரிதான், ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

"ஈரக் கையா சித்தி?"

"இந்த வேலை பார்க்கிறவன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாம வீட்டுக்குக் கிளம்புவானா? கழுவின ஈரத்தோட வந்து கையெழுத்துப் போடறாங்க. இப்போ ஜாடியோட கடைசிக் கையெழுத்தைப் பாரு."

மூன்று நாளைக்கு முந்தைய தேதி. மதியம் இரண்டு மணி. ஒரு எழுத்துக்கூட இழுகவில்லை.

"யாரோ காஞ்ச கையோட, ஃபேனுக்கு அடியில உக்காந்து நிதானமா போட்டது," என்றாள் சித்தி. "அந்த ஆளு இந்த கேட்டைத் தாண்டிப் போகவே இல்லைடா."

லொள்ளு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். இரண்டு பெரிய தொட்டிகள். அவற்றில் கிட்டே இருந்தது பழுப்பு நிறத்தில் கொதிப்பதுபோல் குமுறிக்கொண்டிருந்தது. அவன் அடிக்க நினைத்த ஜோக் பாதியிலேயே செத்துப்போனது.

மேனேஜர் திரும்பி வந்தார். "வாங்களேன், சுத்திக் காட்டறேன். சந்தேகம் எதுக்கு?"

தொட்டியின் ஓரமாகவே கூட்டிப்போனார். அடியிலிருந்து காற்று பொங்கிப் பொங்கி வந்து மேலே நுரையாக உடைந்துகொண்டிருந்தது. நாற்றமில்லை என்பதுதான் ஆச்சரியம், நனைந்த மண் வாசனைதான் வந்தது. லொள்ளு கம்பியைக் கெட்டியாகப் பிடித்தபடி நடந்தான்.

"ஜாக்கிரதை தம்பி," என்றார் மேனேஜர், அதே சிரிப்போடு. "இதுல எவ்வளவு பெரிய நீச்சல்காரனும் மிதக்க முடியாதுன்னு இங்க வேலை செய்றவங்க சொல்லுவாங்க. தண்ணி பூரா காத்து. காத்து மேல கைகால் அடிச்சா நிக்குமா? நேரா அடிதான். விழுந்தா எடுக்கவே ரெண்டு நாள் ஆகும்."

"எடுத்ததுண்டா சார்?" என்றான் லொள்ளு. குரல் கீச்சென்று வந்தது.

"இதுவரைக்கும் யாரும் எடுக்கச் சொல்லலை."

சித்தி அவன் முழங்கையை ஒரு அழுத்து அழுத்தினாள். பேசாதே என்று அர்த்தம்.

படி ஏறினால் மாடியில் லேப். ஒரே அறை. கைகழுவும் தொட்டி, ஒரு மைக்ராஸ்கோப், வளாகத்துக்குள் ஆட்களைக் கூப்பிட ஒரு மைக், சுவரில் ஆணிகள். மேஜைமேல் ஒரு கண்ணாடி ஜாடி நின்றது. பாதிக்குக் கீழே சாக்லேட் நிறத்தில் சேறு சமமாகப் படிந்திருந்தது, மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது.

"அவன் ஜாடிதான்," என்றார் மேனேஜர். "போன அன்னைக்கு வெச்சது. யாரும் தொடலை. மூணு நாளா அப்படியே கிடக்கு."

சித்தி ஜாடியைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் திரும்பி, "காலண்டர் அழகா இருக்கே," என்றாள்.

லொள்ளும் ஜாடியைப் பார்த்தான். தையல்காரி சொன்னது மண்டைக்குள் மின்னல் வெட்டியதுபோல் வந்தது. இரண்டு மணி நேரமானால் சேறு மேலே வந்துவிடும். இது கீழேயே படுத்திருக்கிறது. அப்படியானால் இதை யாரோ இப்போதுதான் வைத்திருக்கிறார்கள். யார் வைப்பார்கள்? அந்த மனுஷனைத் தவிர யார் வைப்பார்கள்! ஆள் உயிரோடு இருக்கிறான். தொட்டிக்கு அடியில் இல்லை. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் ஒரே நொடியில் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் அவனுக்கு என்ன ஆகுமோ அது ஆகிவிட்டது.

"மூணு நாளா? சார், இந்தச் சேறு ரெண்டு மணி நேரத்துக்கு மேல கீழ படுக்காது, எழுந்து மேல வந்துரும்! உங்க ஆளு ஒரு மணி நேரத்துக்கு முன்னாடிதான் இங்க நின்னு..."

சித்தியின் செருப்பு அவன் கால்மேல் இறங்கியது. ரொம்பத் தாமதம்.

மேனேஜரின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் ஜாடியைப் பார்த்தன, லொள்ளைப் பார்த்தன, பிறகு சுவருக்குப் போய் ஒரு நொடி நின்று திரும்பின.

"பேசிட்டிருங்க. டீ சொல்லிட்டு வந்துடறேன்," என்றார்.

டீ சொல்ல அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று லொள்ளு யோசித்து முடிப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. படியில் காலடிகள் வேகமாக இறங்கின.

லொள்ளு கதவை இழுத்தான், உதைத்தான். அசையவில்லை. அதிலேயே முதுகைச் சாய்த்துத் திரும்பினான்.

"சித்தி, அந்த ஆளு உள்ளதான் ஒளிஞ்சிருக்காருன்னு இவனுக்கு இவ்வளவு நேரம் தெரியாது. சுவர் ஏறி ஓடிட்டாருன்னுதான் நெனைச்சிருக்கான். நான் சொல்லிட்டேன். நானே வாயால காட்டிக் குடுத்துட்டேன். நான் கொன்னுட்டேன் சித்தி."

"இன்னும் இல்லை." சித்தி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்திருக்கும். போனை எடுத்து போலீசுக்கு இரண்டு வரி, தையல்காரிக்கு ஒரு வரி பேசி வைத்தாள். "அழுவுறதை அப்புறம் வெச்சுக்கலாம். போறதுக்கு முன்னால அவன் எங்க பார்த்தான்?"

"சுவத்துல."

"சுவத்துல என்ன?"

ஆணிகள். அடுத்தடுத்து நாலு. மூன்றில் காதை மூடும் கவசங்கள் தொங்கின, ஹெட்போன் மாதிரி, தடித்த மஞ்சள் நிறத்தில். நாலாவது ஆணி காலி.

"தொட்டிக்குக் காத்து அடிக்கிற மிஷின் இருக்கு பாரு, ப்ளோயர், அந்த ரூமுக்குப் போறவங்க மாட்டிக்கறது," என்றாள் சித்தி. "அங்க பத்து நிமிஷம் நின்னா காது போயிடும். அதனாலயே ஒருத்தன் எட்டிப் பார்க்கமாட்டான். மூணு நாளு ஒளிஞ்சிருக்க அதைவிட நல்ல இடம் கிடையாது, காதுல இதை மாட்டிக்கிட்டா. மேனேஜரும் அதைத்தான் கணக்குப் போட்டான்."

"மாட்டிக்கிட்டா..." லொள்ளு அந்தக் காலி ஆணியைத் தொட்டான். "பின்னாடி யாரு வந்தாலும் அவருக்குக் கேட்காதே சித்தி!"

"கேட்காது. நீ கத்தினாலும் கேட்காது. அதனால மிஷினை நிறுத்து. கதவுகிட்ட சிவப்பா ஒரு பட்டன் இருக்கும், எந்த மிஷின் ரூமுக்கும் உண்டு." அவள் ஜன்னலைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு இரும்புப் பாலம், இரண்டடி அகலம், குமுறும் தொட்டிக்கு நட்டநடுவே நேராகப் போய் எதிர்க்கரையில் இரைந்துகொண்டிருந்த ஒரு சதுரக் கட்டடத்தில் முடிந்தது. "அவன் கீழே இறங்கி ரெண்டு தொட்டியையும் சுத்திக்கிட்டுப் போகணும். இது நேர் வழி."

"சித்தி, நீங்க..."

"என் முட்டி இந்த ஜன்னலைத் தாண்டாது."

"வேற யாராவது..."

"வேற யாருடா இருக்கா?"

லொள்ளு ஜன்னலில் ஏறினான்.

பாலத்தின் ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி பாதி தூரத்துக்குத்தான் இருந்தது. தரை முழுக்கச் சல்லடைக் கம்பி, அதன் ஓட்டைகள் வழியாகக் காலுக்குக் கீழே நுரை தெரிந்தது. ஈரத்தில் செருப்பு வழுக்கியது. செருப்பைக் கழற்றி விட்டான், இப்போது இரும்பு உள்ளங்காலைக் கடித்தது. நேரா அடிதான், நேரா அடிதான் என்று மேனேஜரின் குரல் காதுக்குள்ளேயே கேட்டது. ஒரு ஜோக் அடித்தால் தைரியம் வருமென்று தேடிப் பார்த்தான். ஒன்றுகூட வரவில்லை. "அம்மா, அம்மா, அம்மா," என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கைப்பிடி முடிந்த இடத்தில் கால் தானாக நின்றுவிட்டது. அங்கே நின்றபடி பார்த்தபோது, கரையோரம் கையில் நீளமான ஒரு கடப்பாரையோடு மேனேஜர் ஓடுவது தெரிந்தது. அந்தக் கட்டடத்துக்கு இன்னும் இருபது முப்பது அடிதான் அவருக்குப் பாக்கி.

லொள்ளு ஓடினான். எப்படி ஓடினான் என்று பிற்பாடு எவ்வளவு கேட்டாலும் அவனால் சொல்ல முடியவில்லை.

ப்ளோயர் அறையின் பின்கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் சத்தம் அவனை அறைந்தது. காதால் கேட்கிற சத்தமில்லை அது, பல்லும் எலும்பும் சேர்ந்து அதிர்ந்தன. மூன்று மிஷின்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அந்தப் பக்கம், கவிழ்த்துப்போட்ட ஒரு வாளிமேல் ஒரு மனிதன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். தலையில் மஞ்சள் கவசம். மடியில் நோட்டு. எதையோ எழுதிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் ஸ்டீயரிங் மாதிரி ஒரு இரும்புச் சக்கரம் கிடந்தது.

முன்கதவு வழியாக மேனேஜர் உள்ளே வந்தார். அவசரப்படவில்லை. அவசரப்படத் தேவையும் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஐயா! பின்னாடி! ஐயா!" என்று லொள்ளு கத்தினான். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கடப்பாரை மேலே எழுந்தது. லொள்ளு சுவர் முழுக்கக் கண்ணால் துழாவினான். தீயணைப்பு வாளி, ஃபியூஸ் பெட்டி, அதற்குப் பக்கத்தில் காளான்போல் புடைத்த சிவப்புப் பட்டன். இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தான்.

மிஷின்கள் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கின.

"...குனிங்கய்யா!" என்ற லொள்ளின் அலறல் அந்த அமைதியில் வளாகம் முழுக்க எதிரொலித்தது.

கவசத்துக்குள் அதுவும் சரியாகக் கேட்டிருக்காது. ஆனால் காலடியில் தரை அதிர்வது நின்றதை அந்த மனிதன் உணர்ந்துவிட்டான். தேள் கொட்டியவன்போல் துள்ளி எழுந்தான். கடப்பாரை அவன் உட்கார்ந்திருந்த வாளியை நசுக்கியது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே லொள்ளிடம் பாய்ந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்தான்.

"எவன்டா நீ? எதுக்குடா காத்தை நிறுத்தினே? கிருமிங்க மூச்சு முட்டிச் செத்துரும்டா!"

லொள்ளுக்குப் பேச்சு வரவில்லை. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வரவில்லை. விரலை மட்டும் நீட்டினான். ஜாடி திரும்பினான்.

மேனேஜர் கடப்பாரையை மறுபடி தூக்கியிருந்தார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. சிரிப்பு இல்லாத அந்த முகத்தைப் பார்த்ததும், அந்தச் சிரிப்பே இருந்திருக்கலாம் என்று லொள்ளுக்குத் தோன்றியது. முன்னால் வழியில்லை, பின்னால் தொட்டி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு ஒரு அடி பின்வாங்கினார்கள்.

அப்போது கூரைக்கடியில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"மேனேஜர் சார்." சித்தியின் குரல், காய்கறி விலை விசாரிக்கிற நிதானத்தில். "கேட்டுல ரெண்டு ஜீப் போலீஸ் நிக்குது. ஜன்னல்ல இருந்து எனக்கு நல்லாத் தெரியுது. கையில எதை வெச்சிருக்கீங்களோ அதைக் கீழ போட்டுட்டு நின்னா, ஒரு கேஸோட போகும். இன்னொண்ணு சேரவேண்டாம்."

மேனேஜர் கேட்டுப் பக்கம் பார்த்தார். அந்த அறையிலிருந்து கேட் தெரியாது. மூன்று மூச்சு நேரம் நின்றார். அந்த மூன்று மூச்சும் லொள்ளு மூச்சே விடவில்லை. பிறகு கடப்பாரை தரையில் விழுந்து உருண்டது.

அவரைச் சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டுகிற வேலையை லொள்ளு செய்தான். அதற்கு முன்பே ஜாடி ஓடிப்போய் ஒவ்வொரு மிஷினாக ஓட்டிவிட்டிருந்தான்.

போலீஸ் நிஜமாகவே வந்து சேர இருபது நிமிஷம் ஆனது.

"ரெண்டு ஜீப் நிக்குதுன்னீங்களே சித்தி?" லேப் கதவைத் திறந்துவிட்டபோது லொள்ளு கேட்டான்.

"அந்த நேரத்துக்கு நின்னது போதாதா?"

லேப்பில் உட்கார்ந்து ஜாடி எல்லாவற்றையும் சொன்னான். தாடி வளர்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. லேப்காரர் அலமாரியில் வைத்திருந்த பிஸ்கெட்டும் குழாய்த் தண்ணீருமாக மூன்று நாளை ஓட்டியிருக்கிறான். முலாம் பூசுகிற பட்டறை ஒன்றிலிருந்து டேங்கரில் விஷக் கழிவு வந்திருக்கிறது, மேனேஜரின் ஏற்பாடு. முதல் தடவை அதைத் தொட்டிக்குள் விட்டதும் கிருமிகளில் பாதி செத்துவிட்டன. அடுத்த லோடைத் தொட்டிக்கு விடாமல், பக்கத்து மதகைத் திறந்து நேராக ஆற்றில் கலந்துவிடத் திட்டம். ஆறு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும், தடயம் மிச்சமிருக்காது.

"அந்த மதகைத் திறக்கிற சக்கரத்தைக் கழட்டி எடுத்துக்கிட்டேன்," என்றான். "அது இல்லாம மதகு அசையாது. புதுசு செஞ்சு மாட்ட மூணு நாளாவது ஆகும். அதைப் பிடுங்க வந்தப்போதான் அன்னைக்கு என்னைத் தள்ளப் பார்த்தான். போன் தொட்டியில விழுந்துருச்சு. நான் தப்பிச்சு மறைஞ்சுட்டேன்."

"மறைஞ்சவரு ஜாடியை ஏன் வெச்சீங்க?" என்றாள் சித்தி. "அவன் கண்ணுல பட்டிருந்தா?"

ஜாடி அந்தக் கேள்வியே புரியாதவன்போல் பார்த்தான். "வெக்காம எப்படித் தெரியும்? அடுத்த தொட்டியில இருந்து நல்ல சேத்தை எடுத்து இதுல விட்டு விட்டுத் தேத்திட்டிருக்கேன். இறங்குதா இல்லையான்னு பார்க்கவேண்டாமா? மேனேஜர் அதைப் பார்த்தாலும் அவனுக்கு ஒண்ணும் விளங்காது. பத்து வருஷத்துல ஒரு நாள் அவன் அதைக் குனிஞ்சு பார்த்ததில்லை."

லொள்ளு தரையைப் பார்த்தான். விளங்க வைத்தவன் யார் என்று சித்தி சொல்லவில்லை. அவனே சொன்னான், முழுசாகச் சொன்னான், மன்னிச்சிருங்கண்ணே என்றும் சொன்னான்.

ஐந்து மணிக்கு டேங்கர் வந்தது. அதற்கு கேட்டைத் திறந்துவிட்டது போலீஸ்காரர்தான்.

அந்தக் களேபரத்துக்கு நடுவே தையல்காரி உள்ளே வந்தாள். ஓடிவருவாள், கட்டிப்பிடித்து அழுவாள் என்று லொள்ளு எதிர்பார்த்தான். அவள் தொட்டிக்கரையில் பத்தடி தள்ளி நின்றுவிட்டாள். புருஷனை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள்.

ஜாடிதான் தடுமாறினான். "நான் போயிட்டா ஒரே நாள்ல மொத்தமும் செத்திருக்கும்மா. சுத்தம் ஆகாத தண்ணி ஆத்துக்குப் போயிருக்கும். கீழ ரெண்டு ஊரு அதைத்தான் குடிக்குது. அதான்..."

"ஆத்துக்கு நீங்க இருந்தீங்க," என்றாள். "எனக்கு யாரு இருந்தா?"

அவன் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"மூணு நாளு. ஒவ்வொரு தடவை கதவு தட்டறப்பவும் பொணத்தை அடையாளம் காட்டக் கூப்பிட வந்திருக்காங்கன்னு நெனைச்சு எழுந்து போனேன். உனக்குச் சுவர் ஏறத் தெரியாதா? ஒரு நிமிஷம் வந்து, இருக்கேன்டின்னு மூஞ்சியைக் காட்டிட்டுப் போயிருக்க முடியாதா?" நீங்கள் எப்போது நீ ஆனது என்பதை அவள் கவனிக்கவே இல்லை.

"முடிஞ்சிருக்கும்," என்றான் ஜாடி.

"பின்னே?"

"பயமா இருந்தது." "ஒவ்வொரு நிமிஷமும் பயமா இருந்தது. சுவர் வரைக்கும் ரெண்டு தடவை போனேன். உன் மூஞ்சியைப் பார்த்துட்டா மறுபடி உள்ள வந்திருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும். அதான் வரலை."

அவள் அப்போதுதான் அழுதாள். சத்தம் போட்டு, முகத்தை மூடாமல், அத்தனை போலீஸ்காரர்கள் முன்னாலும் அழுதாள். சித்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். லொள்ளுக்கும் கண் எரிந்தது, அவன் அதை மறைக்கவில்லை.

அழுது முடித்ததும் அவள் கிட்டே வந்து புருஷனின் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"வீட்டுக்குப் போலாம்."

"மாத்து ஆளு எட்டு மணிக்குத்தான் வருவான். அதுவரைக்கும் விட்டுட்டு வர முடியாதும்மா."

"விட வேண்டாம்," என்றாள். "நான் இருக்கேன்."

அவன் வால்வுகளைப் பார்க்கக் கிளம்பினான். அவளும் கூடவே நடந்தாள். அவன் குனிந்தபோது நின்றாள், நகர்ந்தபோது நகர்ந்தாள். எட்டு மணிக்கு மாற்று ஆள் வரும்வரை அந்தச் சட்டை நுனியை அவள் கையிலிருந்து விடவே இல்லை.